சான்வா போட்டால் லேக் போய்விடாது

ஆர்கேட் ஸ்டிக் என்பது லீவரும் பட்டன்களும் உள்ள கேம் கன்ட்ரோலர், சான்வா அதற்கான பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனம், லேக் என்பது அழுத்தியது திரையில் தெரிய ஆகும் தாமதம். "சான்வா பாகங்கள் உள்ள ஆர்கேட் ஸ்டிக் வாங்குங்கள், லேக்கே இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பிப் பணம் போடாதீர்கள். சான்வாவின் ஜேஎல்எஃப் என்ற மாடல் லீவருக்குக் கீழே இருப்பவை நான்கு மைக்ரோசுவிட்சுகள், அதாவது குட்டி சுவிட்சுகள். கம்பியைச் சாய்த்தால் 'டிக்' என்று ஒன்று அழுந்தும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்த அழுத்தத்தைப் படித்து கன்சோலுக்கு அனுப்புவது உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு. தாமதம் பெரும்பாலும் அங்கேதான், அப்புறம் உங்கள் டிவியில். டிவியில் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு செட்டிங் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள். நொடிக்கு 60 ஃபிரேமில் (படங்களில்) ஓடும் சண்டை கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிசெகண்ட், போர்டு மந்தமாக இருந்தால் எந்தப் பட்டனும் உதவாது.

சான்வா மட்டமில்லை. கை படும்போதே அருமை தெரியும், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஹோரி என்ற இன்னொரு நிறுவனத்தின் ஹயாபுசா லீவரும் நல்ல சரக்குதான்.

இன்னொன்று, பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) ஸ்டிக் சில பிஎஸ்5 கேம்களில் மட்டுமே வேலை செய்யும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஏற்கும். மற்றவற்றுக்குக் கேம் வாரியாகப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.