பங்கை எழுதிக் கொடுக்கும் முன்
புதுத் தொழில் தொடங்குபவர்களுக்கு நிரல் எழுதித் தரும் தொழில்நுட்பப் பங்காளி வேண்டுமென்றால், நிறுவனத்தின் பங்கைத் தாராளமாகக் கொடுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கொடுக்கலாம், ஆனால் ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நானும் தங்கையும் சாப்பாட்டு ஆர்டர் செயலி தொடங்கியபோது, நிரல் எழுத வந்தவருக்கு முதல் மாதமே 40 விழுக்காடு எழுதிக் கொடுத்தோம். ஏழாம் மாதம் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பங்கு அவர் பேரிலேயே நின்றது. செயலி ஓடும் சர்வரின் கணக்கும் அவருடைய மின்னஞ்சலில்தான். தீபாவளி வாரத்தில் செயலி படுத்துவிட, சரிசெய்ய வழியில்லாமல் நோட்டுப் புத்தகத்தில் ஆர்டர் எழுதிக்கொண்டே தங்கை அழுதுவிட்டாள்.

வெஸ்டிங் என்று ஒன்று இருக்கிறது. பங்கு 4 ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்; முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. இதுதான் பரவலான வழக்கம். ஒப்பந்தத்தை வழக்கறிஞரை வைத்தே எழுதுங்கள்.

அப்புறம், எங்கள் இப்போதைய பங்காளி பினாங்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை பார்த்தவர். மூன்று மாதம் சம்பளத்துக்குச் சேர்ந்து உழைத்த பிறகே பங்கைப் பற்றிப் பேசினோம்.