கொடுமுடி அம்மாவை ஔவையாராக மட்டும் பார்ப்பவர்களுக்கு

போன வாரம் ஈரோடு மாவட்டம் ஊஞ்சலூர்ப் பக்கம் எங்கள் அம்மிச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில் நோம்பி. விருந்து முடிந்து எல்லோரும் திண்ணையில் சாய்ந்திருந்த நேரத்தில் அக்கா மகள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள். கோவையில் ஒரு நாடகக் குழுவில் இடம் கிடைத்திருக்கிறது, படித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் ஒத்திகைக்குப் போக வேண்டும் என்றாள். பெரிய மாமா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "கூத்தாடிப் பிழைக்கிற நிலைமையிலா நாம் இருக்கிறோம் கண்ணு?" என்று கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் நானும் சண்டைக்குப் போயிருப்பேன். அவரோ உண்மையான அன்போடு கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

இதே மாமா விடிகாலையில், 'ஔவையார்' படத்தில் ஔவையாராக நடித்த கே.பி.சுந்தராம்பாளின் முருகன் பாட்டைக் கேட்காமல் அன்றைய வேலையைத் தொடங்க மாட்டார். "நம் கொடுமுடி அம்மா" என்று உரிமையோடு சொல்வார். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

1908-இல் கொடுமுடியில் பிறந்த அந்தச் சிறுமி ரயிலில் பாடி, கிடைத்த காசில் வயிறு கழுவியவர். அந்தக் குரல்தான் அவரை நாடக மேடைக்குக் கொண்டுபோனது. அப்போது மேடையில் நடித்த பெண்கள் செய்த வேலை என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்கள் நடித்த ஸ்பெஷல் நாடகம் என்பது ஒரே குழுவாகக் கூடி, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து நடத்துவதல்ல. ராஜபார்ட் என்ற கதாநாயகன் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்ற கதாநாயகி இன்னோர் ஊரிலிருந்து வருவார், பபூன் என்ற கோமாளி வேறெங்கிருந்தோ வருவார். ஒருவரை ஒருவர் மேடையில்தான் முதல்முறை பார்ப்பதும் உண்டு. இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை ஓடும். வள்ளி திருமணத்தில் நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் கட்டத்துக்கு எழுதி வைத்த வசனம் கிடையாது. எதிரில் நிற்பவர் என்ன கேட்பார் என்று தெரியாது. கேட்ட மாத்திரத்தில் பதில் வர வேண்டும், பாட்டாகவும் வர வேண்டும். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டும்.

மேடையை விட்டு இறங்கினால் இன்னொரு வேலை காத்திருக்கும். தேதி ஒத்துக்கொள்வது, முன்பணம் பேசுவது, உடுப்புப் பெட்டியோடு ரயில் ஏறுவது, பேசிய தொகையைக் கறாராக வாங்குவது. நாடகக்காரி என்று ஊர் ஒதுக்கிய பெண், ஊரில் மற்ற பெண்கள் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த நாளில் தன் ஒப்பந்தத்தைத் தானே பேசிக்கொண்டிருந்தாள். படத்துக்கு முதல் போடும் துணிச்சல் பெண்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நான் இந்த உடுப்புப் பெட்டியைத்தான் காட்டுவேன். 1931-இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தில் நாயகியாக நடித்த டி.பி.ராஜலட்சுமியும் மேடையிலிருந்து வந்தவர்தான். ஐந்தே ஆண்டுகளில், 1936-இல், 'மிஸ் கமலா' படத்தைத் தானே எழுதி, தானே தயாரித்து, தானே இயக்கிவிட்டார். அவர் திருவையாற்றுக்காரர், நம் பக்கத்தவர் அல்ல. ஆனாலும் அவரும் சுந்தராம்பாளும் நாடக மேடை என்ற ஒரே பள்ளியில் படித்தவர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுந்தராம்பாளைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் கதை ஒன்றே ஒன்று. நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பாவைக் காதலித்துக் கைப்பிடித்தார். 1933-இல் கிட்டப்பா 27 வயதில் இறந்துவிட, 25 வயதிலேயே வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார். இனி எந்த ஆணோடும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். கதையை இத்தோடு முடித்து, "எப்பேர்ப்பட்ட பத்தினி" என்று கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்தத் துக்கத்தில் ஒரு துளி பொய் கிடையாது. அவர் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்களுக்கு அந்த நெஞ்சு தெரியும்.

ஆனால் அந்த வெள்ளைச் சேலையோடு அவர் வீட்டுக்குள் முடங்கவில்லையே! 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். நடிக்க விருப்பமில்லாமல், கேட்டவர் ஓடிப்போகட்டும் என்றுதான் அந்தத் தொகையைச் சொன்னார் என்பார்கள். இருக்கட்டும். சொன்ன தொகையிலிருந்து அவர் இறங்கி வரவில்லை, கொடுத்தவர்தான் ஏறி வந்தார். நடித்ததும் யாருக்கோ மனைவியாக அல்ல, சிவபக்தர் நந்தனாராக, ஆண் வேடத்தில். எதிரில் நந்தனாரின் பண்ணை முதலாளியான வேதியராக நின்றவர் கர்நாடக இசைப் பாடகர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். எந்த வேடம், யாருடன், என்ன தொகை என்ற மூன்றையும் அவரே முடிவு செய்தார். இன்றைக்கும் எத்தனை நடிகைகளுக்கு அது வாய்க்கிறது?

நம் பக்கத்தில் சினிமா பற்றிப் பேச்சு வந்தால் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா என்று பெருமையாக அடுக்குவோம். முதலாளிகளின் பெயர் நாக்கு நுனியில் இருக்கும், நடித்த பெண்களின் பெயர் இருக்காது. ஈரோடு–கரூர் பாதையில் கொடுமுடிக்கு முந்தைய நிறுத்தம் ஊஞ்சலூர். அந்த ஊர்க்காரர் நடிகை யு.ஆர்.ஜீவரத்தினம். 1942-இல் வந்த 'கண்ணகி' படத்தில், பதின்ம வயதிலேயே, கவுந்தியடிகளாக நடித்துப் பாடியவர். 1964-இல் 'பூம்புகார்' வந்தபோது கவுந்தியடிகள் யார்? கொடுமுடி சுந்தராம்பாள். கண்ணகிக்குத் துணையாகக் காவிரிக் கரையில் நடந்த அந்தத் துறவி வேடத்தைத் தாங்கிய இருவருமே நம் காவிரிக் கரையில், அடுத்தடுத்த ரயில் நிறுத்தங்களில் பிறந்தவர்கள். ஊஞ்சலூர்ப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைத் தெரியாமல் இருக்கிறோமே என்று எனக்கு மனம் ஆறவில்லை.

அன்று மாலை மற்றவர்கள் கிளம்பிய பிறகு அம்மிச்சி என்னைக் கூப்பிட்டார். 1953-இல் 'ஔவையார்' வந்தபோது அவர் புதுப்பெண். அப்புச்சி வண்டி கட்டி டென்ட் கொட்டகைக்குக் கூட்டிப்போனாராம். தரை டிக்கெட், ஈர மணல். முன்னால் இருந்த ஆட்கள் தலை மறைத்ததால் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தாராம். திரையில் அந்த அம்மா கோலூன்றி வந்ததும் யாரோ ஒருவர் எழுந்து சூடம் கொளுத்தினாராம். சேலையில் ஒட்டிய மணலை வீடு வந்து உதறியதுவரை நினைவு வைத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லோரும் சாமி என்று கும்பிட்டார்கள். எனக்கு வேறு ஒன்று தோன்றியது. இந்த அம்மா சம்பாதித்துத் தன் சோற்றைத் தானே தின்கிறார், யாரும் கணக்குக் கேட்க முடியாது என்று தோன்றியது." எழுபது வருடமாக இதை அவர் யாரிடமும் சொன்னதில்லையாம்.

சினிமாக்காரர்கள் கோட்டைக்குப் போவது வழக்கமாவதற்கு வெகு முன்பே, 1951-இல், சுந்தராம்பாள் சட்ட மேலவைக்குப் போனார். 60 வயதைத் தொட்ட பிறகு 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969-ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது வந்தது. மறு ஆண்டு பத்மஸ்ரீ. எனக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிதாகப் படுவது, தன் ஊரான கொடுமுடியிலேயே அவர் ஒரு சினிமா தியேட்டர் கட்டினார் என்பதுதான். சின்ன வயதில் ரயிலில் காசுக்காகப் பாடிய பெண், அதே ஊரில் ஊர் முழுக்க வந்து டிக்கெட் வாங்கும் இடத்துக்குச் சொந்தக்காரி ஆனார்.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்த அம்மா பாடியது பக்தி என்றால், அதற்காக அவர் விடிய விடிய நின்ற மேடையும் மரியாதைக்குரியதுதான். கூத்தாடியிடமிருந்து பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, தொழிலைக் கேவலம் என்று நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவள் தோற்றுப்போகலாம், பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாம். அதை அவள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அக்காவிடம் பேசிவிட்டேன். வருகிற சனிக்கிழமை முதல் ஒத்திகை. ஈரோட்டிலிருந்து காலை ரயிலில் நானே கூட்டிப்போகிறேன். அம்மிச்சி தன் சுருக்குப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து அவளுடைய டிக்கெட் செலவுக்கு என்று என்னிடம் கொடுத்திருக்கிறார்.