விரல் மூட்டுக் குருத்தெலும்பு அல்ட்ராசவுண்டில் தெரியும்

"முடக்குவாதத்தில் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) அல்ட்ராசவுண்ட் நீரையும் வீக்கத்தையும் மட்டுமே காட்டும், குருத்தெலும்புக்கு எம்ஆர்ஐதான்" என்று சொல்வது தவறு. விரலின் அடிமூட்டை நன்றாக மடக்கி, புறங்கைப் பக்கம் 15 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ உள்ள புரோபை (ஒலி அலையை அனுப்பும் கருவிமுனை) நீளவாக்கில் வையுங்கள். எலும்பு முனைமேல் கறுப்புப் பட்டையாகக் குருத்தெலும்பு தெரியும். விரல் நீட்டியிருந்தால் அடுத்த எலும்பின் அடிப்பாகம் பெரும்பகுதியை மறைத்துவிடும். பலருக்கும் 'தெரியாமல்' போவது இதனால்தான்.

அலை செங்குத்தாக விழாவிட்டால் பட்டையின் மேல்விளிம்பு மங்கி, தேய்மானம் போல ஏமாற்றும். மூட்டில் சேரும் நீரும் கறுப்பாகத்தான் தெரியும். புரோபால் மெல்ல அழுத்தினால் நீர் விலகும், குருத்தெலும்பு விலகாது. குருத்தெலும்பின் நிலைக்குத் தரும் மதிப்பெண் 0 என்றால் இயல்பு, 1 ஆங்காங்கே மெலிவு, 2 பரவலான மெலிவு அல்லது முழு இழப்பு.

மணிக்கட்டு, முழங்காலின் உட்பகுதி போன்ற இடங்களில் எலும்பு அலையை மறிப்பதால் எம்ஆர்ஐ வேண்டும் என்பது மட்டும் சரி.