பதிவு ஞாபகம் இருக்கிறது, யாருடையது என்பதுதான் இல்லை

போன வருடம் ஒரு பூட்டு கம்பெனிக்காக ஒரு பதிவு எழுதினேன். கம்பெனிகளுக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இரவு படுக்கப் போகும் முன் வாசல் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் ஓர் அப்பாவைப் பற்றியது. பூட்டியதும் ஓர் இழுப்பு. நாலடி நடந்து, சந்தேகம் வந்து, திரும்பிப் போய் இன்னொன்று. விளக்கை அணைத்த பிறகு இருட்டில் தடவிப் பார்த்து மூன்றாவது. அப்பா காலமான பிறகு, ஒரு நாள் மகனும் தன்னையறியாமல் மூன்றாவது தடவை இழுத்துக்கொண்டு நிற்பதோடு பதிவு முடியும். அதற்குக் கீழே கடைசி வரியாகக் கம்பெனி பெயரும், அவர்கள் போடச் சொன்ன ஒரு வாசகமும்.

பதிவு பிய்த்துக்கொண்டு போனது. கமெண்டில் ஆளாளுக்குத் தங்கள் அப்பாவை எழுதினார்கள். கம்பெனிக்காரர் போன் செய்து "சார், பின்னிட்டீங்க" என்றார். நானும் இரண்டு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் என் சித்தி மகன் அதையே வாட்ஸப்பில் எனக்கு அனுப்பினான். "அண்ணே, இதைப் படிச்சுப் பாருங்க. யார் எழுதினதோ தெரியல, அழுதுட்டேன்." திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது, கடைசி வரியைத் தவிர. யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கும்பிடும் கை போட்டிருந்தார்.

முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் பதிவை இன்னொரு முறை படித்தேன். வெட்டியவர் நல்ல எடிட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வரி இல்லாமல் பதிவு இன்னும் நன்றாக இருந்தது! அழுத இடத்தில் வந்து விசிட்டிங் கார்டு நீட்டுகிற ஆள் மாதிரி அது அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறது. எழுதிய எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றிலிருந்து எதை எழுதினாலும் ஒரு சோதனை வைத்துப் பார்க்கிறேன். கம்பெனி பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படிப்பேன். பதிவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தப் பெயர் அதற்குள் இல்லவே இல்லை, மேலே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அல்லது பெயரை அடித்துவிட்டுப் போட்டி கம்பெனியின் பெயரை எழுதிப் பார்ப்பேன். அதற்கும் கச்சிதமாகப் பொருந்தினால் நான் எழுதியது பூட்டுத் தொழிலுக்கே பொதுவான விளம்பரம். காசு ஒருவர் கொடுக்க, பலன் ஊருக்கெல்லாம் போகும்.

விளம்பரக்காரர்கள் மத்தியில் இதற்கு ரத்தக்காட்டேரி விளைவு என்றே ஒரு பெயர் உண்டு. நடிகரோ, நகைச்சுவையோ, கண்ணீரோ மொத்த கவனத்தையும் உறிஞ்சிவிட, பொருள் ரத்தம் சுண்டிக் கிடக்கும். தொலைக்காட்சிக் காலத்திலிருந்தே இருக்கிற நோய்தான். இணையத்தில் முற்றிவிட்டது. இங்கே வெட்டி ஒட்ட இரண்டு விநாடி போதும்.

வெட்டவே முடியாதபடி செய்தவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது பிளெண்ட்டெக் என்ற அமெரிக்க மிக்சி கம்பெனி. அதன் நிறுவனர் டாம் டிக்சனுக்கு, மெஷின் தாங்குமா என்று பார்க்க மரக்கட்டையைப் போட்டு அரைத்துப் பார்க்கும் பழக்கம். மார்க்கெட்டிங்குக்குப் புதிதாக வந்தவர் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்து என்ன இது என்று விசாரித்திருக்கிறார். அதையே வீடியோவாக எடுக்க, 2006ல் யூடியூபில் தொடர் ஆரம்பமானது. வெள்ளைக் கோட்டும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு டிக்சன் வந்து நிற்பார். கோலிக்குண்டு, கோல்ஃப் பந்து என்று எதையாவது உள்ளே போட்டு, "இது அரைபடுமா?" என்று கேட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவார். 2007ல் ஐபோனையே போட்டு அரைத்தார். அந்த வீடியோவிலிருந்து மிக்சியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? கண்ணாடி போட்ட ஒரு பெரியவரும் நாலு கோலிக்குண்டும்தான்.

அதற்கு நூறு வருடம் முன்னால் மிஷ்லின் சகோதரர்கள் இதைக் காகிதத்தில் செய்தார்கள். டயர் விற்பவர்கள். 1900ல் வாகன ஓட்டிகளுக்கு ஒரு கையேடு போட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது பிரான்சில் மொத்தமே 3,000 கார் கூட இல்லை. டயரை எப்படி மாற்றுவது, பெட்ரோல் எங்கே கிடைக்கும், எங்கே தங்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆள் ஊர் சுற்றினால் டயர் தேயும், தேய்ந்தால் வாங்குவான், கணக்கு அவ்வளவுதான். ஆனால் நான் பார்ப்பது வேறு: புத்தகத்தின் பெயரே மிஷ்லின். அதைச் சொல்லாமல் புத்தகத்தைப் பற்றிப் பேசவே முடியாது. உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷ்லின் வேறு, டயர் மிஷ்லின் வேறு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. நினைத்துவிட்டுப் போகட்டும், வாயில் வருகிற பெயர் ஒன்றுதானே.

இதைச் சொன்னால் சில முதலாளிகள் உடனே வேறு பக்கம் பாய்வார்கள். "சரி, அப்போ முதல் வரியிலேயே பேரைப் போடுங்க, லோகோவைப் பெருசாக்குங்க." லோகோவைப் பெரிதாக்கினால் விளம்பரம் என்று தூரத்திலேயே தெரிந்து, வாசகரின் கட்டைவிரல் இன்னும் வேகமாகத் தள்ளிவிடும். அதைவிடக் கொடுமை 'உலக தினம்' படங்கள். உலகத் தூக்க தினம், உலகச் சிரிப்பு தினம், உலகக் கைகழுவும் தினம். ஒரே படத்தை இருபது கம்பெனி எடுத்து, மூலையில் ஆளுக்கொரு லோகோவை வைத்துப் போடுகிறார்கள். இப்போது ஏஐ வந்த பிறகு படத்துக்கு மேலே இருக்கும் நாலு வரியும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. கட்டைவிரல் சோதனைக்கெல்லாம் அங்கே வேலையே இல்லை. நானும் மாதாமாதம் இந்தப் படங்களைப் போட்டவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஞாபகம் என்று வந்துவிட்டால் ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன்காரரைத் தாண்டிப் போக முடியாது. அர்த்தமே இல்லாத அசைகளை வரிசையாக எழுதி, தன்னையே சோதனை எலியாக்கி மனப்பாடம் செய்து, எப்போது எவ்வளவு மறக்கிறது என்று கணக்கு வைத்தார். 1885ல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இதை மேற்கோள் காட்டும்போது, அது அர்த்தமில்லாத அசைகளுக்கு மட்டும் பொருந்தும் என்று யாராவது திருத்துவார்கள். உண்மைதான். ஆனால் முதல் தடவை பார்க்கிற வாசகருக்கு உங்கள் கம்பெனி பெயர் வேறு என்னவாம்? உங்களுக்குத்தான் அது தாத்தா பெயர், உழைப்பு, கனவு. அவருக்கு அது ஓர் அர்த்தமில்லாத அசை.

எபிங்ஹாஸ் சொன்ன இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியம். ஒரே நாளில் 68 தடவை திரும்பப் படித்துக் கிடைத்த பலன், மூன்று நாளாகப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது. "லாஞ்ச் அன்னிக்கு ஒரே நாள்ல பத்து போஸ்ட் போட்டு அடிச்சுத் தள்ளலாம்" என்று யாராவது உற்சாகமாகக் கிளம்பினால் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன். பத்தையும் பத்து வாரத்துக்குப் பிரித்துக்கொடுங்கள் என்று கெஞ்சுவேன்.

பிரித்துக் கொடுத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு தடவையும் அதே ஆள்தான் வந்திருக்கிறார் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். இன்டெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்குள் கிடக்கும் சில்லு, வாங்கியவர் ஒருநாளும் அதைக் கண்ணால் பார்க்கப்போவதில்லை. 1991ல் பெட்டியின் வெளியே ஒட்டும் 'இன்டெல் இன்சைட்' என்ற வாசகத்தைத் தொடங்கினார்கள். 1994ல் அதற்கு ஒரு சின்ன இசை சேர்ந்தது, ஐந்தே ஸ்வரம். அந்த மெட்டை வருடக்கணக்கில் மாற்றாமல் ஓட்டினார்கள். அடுத்த அறையில் டிவி ஓடினாலும் காதில் விழுந்தவுடன் தெரிந்துவிடும்.

இந்த மாற்றாமல் இருப்பதுதான் வேலையிலேயே கஷ்டமான பகுதி. எழுதுகிறவனுக்கும் காசு கொடுக்கிறவருக்கும் வாசகரைவிட ரொம்ப முன்னாடியே அலுத்துவிடும். நாங்கள் அதைத் தினமும் பத்து தடவை பார்க்கிறோம். வாசகர் மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அரைக் கண்ணால் பார்க்கிறார். எங்களுக்குச் சலித்து நிறத்தை மாற்றுகிற நாளில்தான் அவருக்கு அது லேசாகப் பரிச்சயமாகத் தொடங்கியிருக்கும்.

சரி, பூட்டுக்கு வருகிறேன். கடைசி வரி வெட்டப்பட்ட பிறகு, கம்பெனிக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இனி அழவைக்கும் பதிவு வேண்டாம், அந்த மூன்று இழுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சின்னச் சின்ன வீடியோவாகப் போடுவோம் என்றேன். எல்லா வீடியோவும் கறுப்புத் திரையில் பூட்டை மூன்று முறை இழுக்கும் சத்தத்தோடு தொடங்கும். டக், டக், டக். முடியும்போதும் அதுவே. அவர்கள் பூட்டின் முன்பக்கம் பெயர் அச்சு வார்த்திருக்கும். அதுவரை கேமராவுக்குப் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், யாருமே கவனிக்கவில்லை. திருப்பி வைத்தோம். கை இழுக்கும்போது விரல்களுக்கு நடுவில் பெயர் தெரியும். இனி அதை வெட்ட வேண்டுமானால் பூட்டையே வெட்ட வேண்டும்.

வீடியோவில் என்ன சொல்வது என்று யோசித்தபோது, பூட்டு கம்பெனியை மனிதன் எப்போது நினைப்பான் என்பதிலிருந்து ஆரம்பித்தோம். நல்ல நாளில் எவனும் நினைக்க மாட்டான். சாவி திரும்பாத இரவில் நினைப்பான். சாவி தொலைந்தபோது நினைப்பான். வாடகை வீடு மாறும்போது, பழைய ஆளிடம் இன்னொரு சாவி இருக்குமோ என்று நினைப்பான். ஒவ்வொரு தருணத்துக்கும் ஒரு வீடியோ. பூட்டு இறுகினால் கையில் கிடைத்த எண்ணெயை ஊற்றாதீர்கள், தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு இன்னும் இறுகும். பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள், பென்சிலில் இருப்பது கிராஃபைட்தான். டூப்ளிகேட் சாவியிலிருந்து இன்னொரு டூப்ளிகேட் வெட்டாதீர்கள், ஒவ்வொரு நகலிலும் கொஞ்சம் கொஞ்சமாக அளவு விலகும், அசல் சாவியைக் கொடுத்து வெட்டுங்கள். இப்படித்தான் எல்லாம், ஒரு நிமிடத்துக்குள்.

எதுவும் பழைய பதிவு மாதிரி பறக்கவில்லை. அதில் கால்வாசிப் பேர் கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "சார், அந்த டக் டக் போரடிக்குது, மாத்திடலாமா?" இன்னும் ஆறு மாதம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். லைக்கைப் பார்க்காதீர்கள், கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில், உங்கள் பெயரை அடித்துத் தேடி வருகிறவர்களின் எண்ணிக்கையை மட்டும் பாருங்கள் என்றேன். அது ஏறிக்கொண்டுதான் இருந்தது, நத்தை மாதிரி.

போன வாரம் சித்தி மகன் மறுபடி வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பென்சில் வீடியோ. "அண்ணே, உங்க வீட்டு கேட் பூட்டு மக்கர் பண்ணுதுன்னீங்களே, இப்படிச் செஞ்சு பாருங்க. மூணு தடவை டக் டக்னு இழுப்பாங்களே, அவங்க போட்டது."

நான் எழுதியது என்று அவனுக்கு இன்னும் தெரியாது. உடனே போன் போட்டு, அந்தக் கம்பெனி பெயர் என்ன என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "பேரு... பூட்டு மேலயே எழுதியிருக்கும்ணே, இருங்க, பாத்துச் சொல்றேன்."