கொச்சித் துறைமுகம் காமாவால் உருவானதல்ல

"1498-இல் வாஸ்கோ ட காமா வந்திறங்கிய பிறகுதான் கொச்சி துறைமுகமானது" என்று பாலக்காட்டுத் தமிழ்ப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பாடக்குறிப்பு சுற்றுகிறது. தவறு. அந்த ஆண்டு அவர் வந்தது கோழிக்கோட்டுப் பக்கம். கொச்சிக்கு முதலில் வந்த போர்ச்சுக்கீசியத் தளபதி கப்ரால், 1500-இல்.

அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே சீனத் தளபதி செங் ஹேயின் கப்பல்கள் கொச்சிக்கு வந்துபோயின. அவற்றில் வந்த மா ஹுவான், அங்கே நடந்த மிளகு வியாபாரத்தை விவரமாக எழுதியே வைத்திருக்கிறார். காமாவுக்கும்கூட ஆப்பிரிக்காவின் மலிந்தியிலிருந்து வழி தெரிந்த ஒரு மாலுமிதான் துணைக்கு வந்தார்.

பிள்ளைகளுக்குப் பருவக்காற்றிலிருந்து சொல்லித் தொடங்குங்கள். அந்தக் காலத்தில் தென்மேற்குக் காற்றில் அரபுக் கப்பல்கள் வரும். வடகிழக்குக் காற்றில் மிளகோடு திரும்பும். பாலக்காட்டுக் கணவாய் வழியே மலைகளுக்கு இடையில் வீசும் காற்றில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். 1503-இல் போர்ச்சுக்கீசியர் கொச்சியில் கட்டிய கோட்டையை அப்புறம் சொல்லலாம்.