விசாரணைக்கு ‘ஃபிட்’ (தகுதியானவர்) என்று டாக்டர் சான்று தந்தால் வாக்குமூலம் செல்லுமா?

“கைதானவர் விசாரணைக்குத் தகுதியானவர் என்று டாக்டர் எழுதிவிட்டால், அப்புறம் அவர் போலீசிடம் ஒப்புக்கொள்வதை நீதிமன்றம் ஏற்றே ஆக வேண்டும். அந்த அறிக்கையும் அவருக்குக் கிடைக்காது” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

டாக்டர் சொல்வது அந்த நேரத்து உடல்நிலையை மட்டும்தான். சர்க்கரை இறங்கலாம், வலிப்பு வரலாம், குடிப்பழக்கம் உள்ளவருக்கு மது நின்றதும் சில மணி நேரத்தில் நடுக்கமும் குழப்பமும் தொடங்கலாம். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் அப்படி இல்லாமல் போகலாம். அதனால்தான் தேவைப்பட்டால் மறுபடியும் பரிசோதிக்க டாக்டருக்குச் சட்டம் இடம் தருகிறது. காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று 1996-இல் காவல் மரணங்கள் தொடர்பான டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 53-ன்படி, கைதானதும் பரிசோதனை கட்டாயம். காயம் இருந்தால், அது ஏற்பட்ட உத்தேச நேரத்தோடு பதிய வேண்டும். அறிக்கையின் நகலைக் கைதானவருக்கோ அவர் குறிப்பிடும் நபருக்கோ தர வேண்டும். இந்த நகலைக் கேட்டு வாங்குங்கள், மிக முக்கியமான ஆவணம் இது.

சரி, வாக்குமூலம்? போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றத்துக்குச் சாட்சியமாக்க முடியாது என்கிறது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 23. மருத்துவச் சான்று அதை மாற்றாது. இரண்டு சட்டங்களும் அரசின் ‘இந்தியா கோட்’ தளத்தில் இருக்கின்றன.

பயத்தில் இருக்கும் குடும்பங்களை அந்த வாட்ஸ்அப் தகவல் தவறாக வழிநடத்தும். தயவுசெய்து அதை யாருக்கும் அனுப்பாதீர்கள்.