ஷூ போடச் சொன்னேனா இல்லையா?

ஞாயித்துக்கிழமை நம்ம தம்பி ஒருத்தன் விறகு பிளக்கும்போது கோடாலியைக் கால்ல போட்டுக்கிட்டது உங்க எல்லாருக்கும் தெரியும். வீடியோவும் பார்த்திருப்பீங்க, நம்ம லேஅவுட் குரூப்ல அது நாலு சுத்து சுத்திடுச்சு. தம்பிக்குக் கால்ல ஆறு தையல். போய்ப் பார்த்துட்டு வந்தேன், நல்லா இருக்கான். அதனால இப்போ கொஞ்சம் கோபப்படலாம்னு இருக்கேன்.

"அங்கிள் எழுதறதைப் படிச்சுத்தான் பசங்க இப்படிப் பண்றாங்க"ன்னு கமெண்ட் போட்டிருக்கீங்க. சரிங்க, அந்த அங்கிள் நான்தான். காலையில அரைமணி நேரம் விறகு பிளங்க, உடம்புக்கு நல்லதுன்னு எழுதினது நான்தான். அதே பதிவுல முதல் வரி என்ன? விரலை மூடுற கெட்டியான ஷூ. ரெண்டாவது வரி? கண்ணுக்குக் கண்ணாடி. போய்ப் பாருங்க, ஒரு எழுத்து மாத்தலை. தம்பி போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. அடிக்கட்டையே இல்லை. துண்டை வெறும் தரையில நிக்க வெச்சிருக்கான். இடது கால் முன்னாடி. அடிச்சது துண்டுல இருந்த கணு மேல. கணுவுல பட்டு வழுக்கின கோடாலி வேற எங்க போகும்? கால்தான் முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருக்கே!

அடிக்கட்டை முட்டிக்குக் கீழ இருக்கணும். புளியங்கட்டைன்னா ரொம்ப நல்லது, கறிக்கடைக்காரங்க சும்மாவா அதை வெச்சிருக்காங்க? பிளக்குற துண்டை அதுமேல நமக்கு எட்டத்துல தள்ளி வைக்கணும்; குறி தப்பினா கோடாலி அடிக்கட்டையில இறங்கும், காலுக்கு வராது. ரெண்டு காலும் ஒரே வரிசையில அகட்டி நிக்கணும். இறக்கும்போது முட்டி மடங்கணும். இடுப்பை மட்டும் வளைச்சா மறுநாள் கட்டிலை விட்டு எழுந்திரிக்க முடியாது. மேல் கை காம்புலயே வழுக்கி வந்து கீழ் கையோட சேரணும். தோள், முதுகு, வயிறு, தொடை எல்லாம் ஒண்ணா வேலை செய்யறது அந்த நொடியிலதான். சா மில்லுல எடைக்கு வாங்கின சில்வர் ஓக் துண்டோட முகத்துல வெயில்ல வெடிச்ச கோடு இருக்கும். அதுல சரியா விழுந்தா 'டப்'புனு ஒரு சத்தம். அதுக்காகவே பிளக்கலாம். இதையெல்லாம் எழுதினேன். ஷூவையும் எழுதினேன்.

"மரத்தை வெட்டச் சொல்றீங்களே, பெங்களூரு என்னாகும்?" ஐயா, பிளக்கிறது வேற, வெட்டறது வேற. இந்த ஊர்ல பெரும்பாலான மரத்துல கை வைக்கணும்னா மர அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும். 1976லயே சட்டம் இருக்கு. நான் காய்ஞ்ச துண்டைப் பத்திப் பேசறேன்.

"பிரஷர் இருக்கறவங்க?" நியாயம். டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க.

"இதெல்லாம் உடற்பயிற்சின்னு யார் சொன்னா?" வெள்ளைக்காரன் சொன்னாத்தான் ஒத்துக்குவீங்கன்னா இந்தாங்க. பொலிவியாவுல சிமானேங்கற பழங்குடி மக்கள்கிட்ட ஆராய்ச்சி பண்ணி 2013ல வெளியிட்டாங்க. ஒரு மணி நேரம் மரம் வெட்டின ஆம்பளைங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் சுமார் 47 சதவீதம் ஏறிச்சு; ஃபுட்பால் ஆடினப்போ 30 சதவீதம்தான். அது காட்டைத் திருத்தற வேலை, விறகு பிளக்கிறது இல்லைன்னு நானே சொல்லிடறேன். இல்லன்னா அதுக்கும் ஒருத்தர் வருவார்.

இதுவரைக்கும் எதுவும் என்னைச் சுடலை. சுட்டது ஒரே ஒரு கமெண்ட்: "கூலிக்காரன் வேலையை எக்சர்சைஸ்னு விக்கிறார்." கீழ பதினோரு பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கீங்க. யார் யாருன்னும் பார்த்தேன்.

ஆமாங்க, கூலிக்காரன் வேலைதான். எங்கப்பா இங்க அல்சூர்ல ஒரு சௌதே டிப்போவுல, அதான் விறகுக் கடையில, கூலிக்குப் பிளந்தவர். அப்போ பாதி வீட்டுல ஹண்டேக்கு, அதான் வெந்நீர் அண்டாவுக்கு, அடியில விறகு போட்டுத்தான் வெந்நீர். அந்த வெந்நீர்ல குளிச்சவங்க வீட்டுப் பிள்ளைங்கதான் இன்னிக்கு ஜிம்முல டிராக்டர் டயரைச் சம்மட்டியால அடிக்க மாசாமாசம் பணம் கட்டறாங்க. அது ஃபிட்னஸ். எங்கப்பா பண்ணினா கூலி.

"உங்கப்பா மட்டும் ஷூ போட்டாரா?"ன்னு அடுத்தவர் கேக்கறார். போடலைங்க. வாங்க முடியலை. இடது கால்ல கட்டைவிரலுக்கு அடுத்த விரல் அவருக்குப் பாதிதான். சின்ன வயசுல நான் அதைத் தொட்டுத் தொட்டு விளையாடுவேன், வழவழன்னு இருக்கும். என் முதல் வரியில ஷூ எங்கிருந்து வந்துச்சுன்னு இப்போ தெரியுதா?

நேத்து அசோசியேஷன்ல இருந்து மெசேஜ். என் கோடாலியை செக்யூரிட்டி ரூம்ல ஒப்படைக்கணுமாம். தம்பி கால்ல பட்டது அவன் ஆன்லைன்ல வாங்கினது, பிடுங்கறது என்னுது! அந்தக் காம்பு அப்பா கையால செதுக்கினது. குடுக்க மாட்டேன். மெசேஜ் அனுப்பினவர் இதைப் படிப்பார்னு தெரியும்.

தம்பி, தையல் பிரிச்சதும் வீட்டுக்கு வாடா. ஷூ சைஸ் மட்டும் சொல்லு, வாங்கி வைக்கறேன்.